எட்டுப் பரப்பும் இருபத்துமூண்டு சோடி உறுதியும்

மருமோன், நீ கனடாவிலை ஒரு குப்பிக்குள்ளை துப்பி, துப்பினதுக்குக் காசும் கட்டித் தபாலிலை அனுப்பினியாம் எண்டு கொம்மா சொன்னா. இஞ்சை நயினாதீவிலை வெத்திலை போட்டுத் துப்பிறதுக்கு ஒருத்தரும் காசு கேக்கிறேல்லை. சரி, அது உங்கடை ஊர் வழமை. பதிலுக்கு நிறமடிச்ச படமொண்டு வந்ததாம். அதைப் பாத்திட்டு, "அம்மான், எங்கடை பரம்பரை கலப்பில்லாதது" எண்டு நேற்று விறாந்தையிலை இருந்து சொன்னாய். நான் ஒண்டும் சொல்லேல்லை, வாய் நிறைய வெத்திலை. இண்டைக்கு வாய் வெறுமை. கேள்.

கொம்மா உன்னை இந்தச் சோளகக் காத்துக்குள்ளை கூட்டிக்கொண்டு வந்தது அம்மாளாச்சியின்ரை தேர் பாக்க எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறா. தேர் பாக்க வந்த மனுசி ஏனடா விடியக் காலமை என்ரை பனங்காணியின்ரை எல்லைக்கல்லை எண்ணிக்கொண்டு நடக்கிறா? எனக்கு வயசு போட்டுது, கண் போகேல்லை. அந்த எட்டுப் பரப்பு வெளியிலை போகக்கூடாது. என்ரை கடைக்குட்டி உனக்கு மச்சாள். ரெண்டையும் ஒரு முடிச்சிலை போட்டால் காணியும் நிக்கும், பரம்பரையும் நிக்கும். இதுதானே கணக்கு?

கணக்கு நல்ல கணக்குத்தான். ஆனால் கடைக்குட்டி விறாந்தையிலை ஏ.எல். பிள்ளையளுக்கு உயிரியல் ரியூசன் குடுக்கிறாள், கண்டியோ. நான் பக்கத்திலை இருந்து ஓலை வாருவன். காது சும்மாதானே கிடக்குது. அதிலை விழுந்ததைத்தான் சொல்லுறன். பிழையெண்டால் அவளைக் கேள், சரியெண்டால் எனக்கொரு சுருட்டு.

எங்கடை ஆக்கள் சொத்துப் பிரிக்கிற முறையை ஒல்லாந்தன் எழுதி வைச்சவன். யாழ்ப்பாணத்திலை முப்பத்தேழு வருசம் பழகின கிளாஸ் ஐசாக்சு எண்ட திசாவை 1707இலை எழுதி முடிக்க, பன்னிரண்டு முதலிமார் வாசிச்சுப் பாத்து ஓமெண்டவை. அதுதான் தேசவழமை. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எண்டு மூண்டு வகை. பழைய முறைப்படி தேப்பன்வழி முதுசொம் பெடியளுக்கு, தாய்வழிச் சொத்துப் பெட்டையளுக்குச் சீதனம். எவ்வளவு துப்பரவு! உடம்புதான் இந்தப் புத்தகத்தை வாசிக்கேல்லை. அதுக்குத் தேப்பன் காணியும் தாய்க் காணியும் பெடியனுக்கும் ஒண்டு, பெட்டைக்கும் ஒண்டு. தேடியதேட்டத்தையோ அது கணக்கிலையே எடுக்கிறேல்லை. நீ ஜிம்முக்குப் போய் உருட்டி வைச்சிருக்கிற புயமும், கொம்மா பெருமையடிக்கிற உன்ரை இங்கிலீசும் உன்னோடை சரி. பிள்ளை பிறந்து ஆனா ஆவன்னாவிலை இருந்துதான் தொடங்கவேணும்.

முதுசொம் மட்டுந்தான் போகும். அதின்ரை உறுதியள் நாப்பத்தாறு, இருபத்துமூண்டு சோடி. கடைக்குட்டி நிறமூர்த்தம் எண்டு சொல்லுறாள், அக்கரைக்காரர் குரோமோசோம் எண்பினம், எனக்கு வாயிலை வாறது உறுதி. ஒவ்வொரு சோடியிலையும் ஒண்டு கொப்பர் தந்தது, மற்றது கொம்மா தந்தது. உன்ரை முறை வரேக்கை நாப்பத்தாறையும் தூக்கிக் குடுக்கேலாது. குடுத்தால் உன்ரை பிள்ளைக்குத் தொண்ணூத்திரண்டு, பேரனுக்கு நூத்தியெண்பத்துநாலு. பெட்டகம் காணாது. அதாலை சோடிக்கொண்டு, மொத்தம் இருபத்துமூண்டு மட்டும் விந்திலையோ முட்டையிலையோ போகும். எந்தச் சோடியிலை எது போகும் எண்டது திருவுளச்சீட்டு. அந்தச் சீட்டை மட்டும் எண்ணினாலே 8,388,608 விதம். ஆம்பிளைக்கு அவ்வளவு, பொம்பிளைக்கு அவ்வளவு. ரெண்டையும் பெருக்கினால் எழுபது இலட்சம் கோடி. பத்துப் பொருத்தம் பாக்கிற சாத்திரியார் இதிலை எந்தப் பிள்ளைக்குப் பொருத்தம் பாத்தவர் எண்டு ஒருக்கால் கேட்டுப் பார்.

சீட்டுக் குலுக்க முதலே பெரிய கூத்தொண்டு நடந்து முடிஞ்சிடும். சோடி உறுதியள் ரெண்டும் தலையோடை தலை, காலோடை கால் பொருந்திப் பக்கத்திலை பக்கத்திலை படுக்கும். இதிலை கண் நிறக் காணி எங்கையோ, அதிலையும் அதே இடத்திலை கண் நிறக் காணி. பிறகு உடம்பே கத்தியெடுத்து வெட்டும். தவறி வெட்டுறதில்லை, வேணுமெண்டுதான். நூறு இடத்துக்கும் மேலை. வெட்டினதிலை கனக்க அப்பிடியே பொருத்தித் தைச்சுவிடும். கொஞ்ச இடத்திலை மட்டும் இதின்ரை துண்டு அங்கையும் அதின்ரை துண்டு இங்கையுமாய் மாறி ஒட்டும். இதுதான் குறுக்குப் பரிமாற்றம். ஒரு முட்டைக்குச் சராசரி நாப்பது இடத்தளவிலை இப்பிடி நடக்கும், ஒரு விந்துக்கு இருபத்தாறளவிலைதான். பங்கு பிரிக்கேக்கை பொம்பிளையள்தான் குழி குழியாய் அளப்பினம் எண்டது கொம்மாவைப் பாத்தால் தெரியேல்லையே?

அப்ப கொப்பர் உனக்குத் தந்த உறுதியளிலை கனக்கத்தைப் பிரிச்சுப் பாத்தால், ஒரு எல்லை மட்டும் உன்ரை அப்பப்பாவின்ரை எழுத்து, அதுக்கங்காலை அப்பாச்சியின்ரை எழுத்து, சிலவேளை பேந்தும் அப்பப்பா. அப்பிடியொரு உறுதி அதுக்கு முதல் உலகத்திலை இருந்ததில்லை. கொப்பரே கண்டதில்லை. கலப்பில்லாத பரம்பரை எண்டாய். உன்ரை உடம்பிலை தலைமுறை தலைமுறையாய்க் கலக்காமல் வந்த உறுதி எத்தினை எண்டு விரல் மடிச்சு எண்ணு, ஒரு கையே கூட.

எண்ணிறதுக்கு நானே உதவி செய்யிறன். ஒண்டு இருக்கு. ஆம்பிளையளுக்கு மட்டும் தேப்பனிட்டை இருந்து மகனுக்குப் போற வை நிறமூர்த்தம். அதுக்குச் சோடி எக்ஸ். நுனி ரெண்டிலையும்தான் ரெண்டும் துண்டு மாத்தும், மிச்ச உடம்பெல்லாம் வேலியடைச்சுக்கொண்டு தனிய நிக்கும். நீ தேடுற கலப்பில்லாத வம்சம் உதுதான். நல்லாய்ப் பார் அதின்ரை கோலத்தை. ஆதியிலை எக்ஸும் வையும் ஒரே அளவுச் சோடி. மாத்தி மாத்தி வந்த எக்ஸிலை இண்டைக்கும் எண்ணூறுக்கு மேலை பரம்பரையலகுகள். ஒருத்தரோடையும் காணி மாத்தாமல் கவுரவமாய் நிண்ட வையிலை நூறளவுதான் மிச்சம். பழுதானதைத் திருத்த ஒரு நல்ல பிரதி பக்கத்திலை இல்லாட்டி உந்தக் கெதிதான். பெருமைக்குக் குறைவில்லை, காணிதான் தேஞ்சுபோச்சு. எங்கடை ஊரிலையும் அப்பிடிச் சில வீடுகள் இருக்கு, பேர் சொல்லமாட்டன்.

இனி ஒரு புதினம். கொம்மாவிட்டை இருந்து உனக்கு வந்த பாதியிலை இந்த மாத்தம் எப்ப நடந்ததெண்டு நினைக்கிறாய்? கொம்மா பிறக்க முதல். பெண்பிள்ளையின்ரை முட்டையள் அவள் தாயின்ரை வயித்துக்குள்ளை கிடக்கேக்கையே துண்டு மாத்தி, பாதி வேலையிலை நிண்டுபோகும். முப்பது வருசம் கழிச்சு அந்த முட்டை முத்தேக்கைதான் மிச்ச வேலை. எங்கடை அம்மா, அதுதான் உன்ரை அம்மம்மா, வயித்தைத் தள்ளிக்கொண்டு கிணத்தடியிலை நிண்டதை நான் சின்னப் பெடியனாய்க் கண்டனான். அந்த வயித்துக்குள்ளை கொம்மா. கொம்மாவுக்குள்ளை உன்ரை பாதி, உறுதி எழுதிக் கையெழுத்து விழாமல். அதாலை உன்னை எனக்குக் கொம்மாவின்ரை வயசளவு தெரியும். வாய் காட்டாதை.

அவ்வளவு காலம் மடிச்சு வைச்ச உறுதியள் சிலவேளை பிரியவேண்டிய நேரத்திலை ஒட்டிக்கொண்டு ரெண்டுமாய்ப் போகும். வயசு ஏறின தாய்மாருக்கு அது கூட. இருபத்தோராம் உறுதி ரெண்டுக்குப் பதிலாய் மூண்டு போனால் டவுன் சின்றோம். அதை நாவூறு, செய்வினை, தாயின்ரை பிழை எண்டு இந்தத் தீவிலை கதைச்ச வாயளை எனக்குத் தெரியும்.

இதெல்லாம் ஆர் கண்டது எண்டு கேப்பாய். அமெரிக்காவிலை மோர்கன் எண்ட மனுசன் போத்தலுக்குள்ளை பழ ஈ வளத்தவர். அவரிட்டைப் படிச்ச ஸ்ரேட்டெவன்ற் எண்ட பெடியன் ஒரு இரவு வீட்டுப்பாடத்தைத் தூக்கிப் போட்டிட்டு, ஈ எண்ணின கொப்பியளை வைச்சுக் கணக்குப் பாத்தான். ஒரே உறுதியிலை கிட்டக் கிட்டக் கிடக்கிற காணியள் வெட்டேக்கை பிரியிறது அருமை, தூரக் கிடக்கிறது அடிக்கடி பிரியும். அப்ப எத்தினைதரம் பிரியுது எண்டு எண்ணினால் இடைத்தூரம் தெரியவேணும்! சங்கிலியும் இல்லை, சேவையரும் இல்லை, காணிக்குப் படம் கீறிப்போட்டான். 1913இலை அச்சிலை வந்தது. துண்டு உண்மையாய் மாறுறதைக் கண்ணாலை காட்டினது ரெண்டு பொம்பிளையள், ஹரியட் கிரைற்றனும் பாபரா மக்ளின்ரொக்கும், 1931இலை, சோளத்திலை. நுனியிலை முடிச்சு இருந்த நிறமூர்த்தமொண்டைப் பிடிச்சு, நிறம் மாறின சோளத்திலை அந்த முடிச்சும் இடம் மாறியிருக்கெண்டு உருப்பெருக்கியிலை காட்டினவை. ஜேர்மன்காரனொருத்தன் அதே விசயத்தை ஈயிலை செய்துகொண்டிருக்கிறான், கெதியாய்ப் போடுங்கோ எண்டு மோர்கனே அவையை உந்தினவராம். காணி விசயமெண்டால் முதல் பதியிறவன்தானே கெட்டிக்காரன்.

மாத்தம் எப்பவும் நேர்மையாய் நடக்குமெண்டும் இல்லை. பக்கத்திலை ஒரே மாதிரி ரெண்டு துண்டு கிடந்தால், பொருத்தேக்கை ஒரு துண்டு தள்ளிப் பொருந்திப்போகும். பேந்து வெட்டினால் ஒரு பக்கம் மூண்டு, மற்றப் பக்கம் ஒண்டு. இருட்டோடை கதிகாலைப் பிடுங்கி அரை முழம் தள்ளி நடுற எங்கடை வேலை, உள்ளுக்கையும் நடக்குது. அப்பிடி வேலி தள்ளிப்போட்டதாலைதான் சிலபேருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாமல் போனது. அல்பா தலசீமியா எண்ட ரத்த வருத்தத்திலை கனக்கவும் இந்த வேலிச் சண்டையிலை தொலைஞ்ச காணிதான்.

கொண்ணரும் நீயும் சகோதரம், சரிபாதி ஒண்டெண்டு நினைச்சிருப்பாய். சரிபாதி எண்டு சொல்ல இந்தத் தீவிலை கல்வெட்டே இருக்கு. அம்மாளாச்சி கோயிலடியிலை பராக்கிரமபாகு ராசா தமிழிலை வெட்டுவிச்சது. எண்ணூறு வருசத்துக்கு மேலை. ஆனை குதிரை ஏத்தின கப்பல் உடைஞ்சால் நாலிலை ஒண்டு அரசுக்கு, சரக்குக் கப்பல் உடைஞ்சால் சரிபாதி. ராசாவின்ரை பாதி பாதிதான். உடம்பின்ரை பாதி சராசரிக்குத்தான் பாதி. 2006இலை அவுஸ்திரேலியாவிலை நாலாயிரத்துக்கு மேலை சகோதரச் சோடியளைப் பாத்தவை, ஒரு சோடி 37 வீதம் ஒண்டு, இன்னொரு சோடி 62 வீதம். கொண்ணருக்கு எங்கடை அப்புவின்ரை பொறுமை வந்து, உனக்கு அவற்றை மூக்கு மட்டும் வந்ததுக்கு ஆரையும் குற்றம் சொல்லாதை.

ஆரியச்சக்கரவர்த்தி வழி எண்டும் ஒரு கதை விட்டனி. இருக்கட்டும். அவையின்ரை யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயனிட்டை விழுந்தது 1619. பதினாலு தலைமுறை எண்டு வை. தாய்தேப்பன் ரெண்டு, பாட்டன் பாட்டி நாலு எண்டு பெருக்கிக்கொண்டு போனால் அந்த வரிசையிலை 16,384 கதிரை. ஆனால் வெட்டி ஒட்டுறதாலை கூடுற துண்டோ தலைமுறைக்கு எழுபதுக்குள்ளைதான், மொத்தம் தொள்ளாயிரமளவு. பதினாறாயிரம் பேர் குந்தியிருக்க, இலை தொள்ளாயிரம். மிச்சப்பேர் உனக்கு மூதாதையர்தான், ஆனால் ஒரு குழி நிலமும் எழுதி வைக்கேல்லை. ராசா அதிலை ஆரெண்டு நீ துப்பின குப்பி சொல்லாது. எங்கடை தீவிலை ஒரே கிழவன் பத்துக் கதிரையிலை குந்தியிருப்பான் எண்டது வேறை கதை. அதுக்குத்தான் வாறன்.

அதுக்கு முதல் இன்னொண்டு. இஞ்சை அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் இடையிலை நடக்கிற தூரம். சிங்களவரும் இலங்கைத் தமிழரும் பாசை வேறையெண்டாலும் பரம்பரையலகிலை நல்ல நெருக்கம் எண்டு கொழும்புப் பல்கலைக்கழகக்காரரும் இந்தியக்காரரும் சேர்ந்து 2023இலை எழுதினவை. ரெண்டு பக்கத்துப் பெரிய வாயளுக்கும் பிடிக்காத சேதி. அதாலை எனக்குப் பிடிச்சிருக்கு.

இப்ப உன்ரை விசயம். துண்டு மாத்துறதாலை பலன் வரவேணுமெண்டால் சோடி உறுதியள் ரெண்டிலையும் எழுத்து வேறை வேறையாய் இருக்கவேணும். ரெண்டும் ஒரே உறுதியின்ரை பிரதியெண்டால் எத்தினைதரம் வெட்டி ஒட்டினாலும் அதே காணி, அதே வழக்கு. உடன்பிறந்தாற்றை பிள்ளையள் கட்டினால் அவையின்ரை பிள்ளைக்கு உடம்பின்ரை பதினாறிலை ஒரு பங்கு இப்பிடி ரெண்டு பக்கமும் ஒண்டாய் விழும். எட்டுப் பூட்டன் பூட்டிக்குப் பதிலாய் ஆறுபேர். ஒரு பக்கத்து உறுதியிலை ஒளிஞ்சு கிடக்கிற பழுதை மற்றப் பக்கம் மறைக்க ஆளில்லை. இங்கிலாந்திலை பிராட்போட்டிலை ஆயிரக்கணக்கான பிள்ளையளைப் பாத்து 2013இலை சொன்னவை: பிறவிக் குறை நூத்துக்கு மூண்டெண்டது, மச்சான் மச்சாள் கட்டின இடத்திலை ஆறளவு. நூத்துக்குத் தொண்ணூத்துநாலு நல்லாய்த்தான் பிறக்குது, உன்னைப் பயப்பிடுத்தேல்லை. ஆனால் எங்கடை அப்புவும் அம்மாவும் மச்சான் மச்சாள். அவையின்ரை அப்புமாரும் என்னவோ முறை. வேலிக்குள்ளை வேலி, அதுக்குள்ளை இன்னொரு வேலி. உன்ரை பிள்ளையின்ரை கதிரையளிலை ஆரார் குந்துவினமெண்டு எண்ணப்போனால் எனக்கே தலை சுத்தும்.

நெடுந்தீவுக் குதிரையளைப் போய்ப் பாத்தனிதானே, படமெல்லாம் எடுத்தனி. போர்த்துக்கேயனும் ஒல்லாந்தனும் விட்டிட்டுப் போனதுகளின்ரை வாரிசு. நாலு பக்கமும் கடல், இருக்கிறதுக்குள்ளைதான் சோடி சேரவேணும். அதுகளுக்குக் குறிகட்டுவானுக்கு லோஞ்சேறி வெளியிலை பெண் பாக்க வழியில்லை. உனக்கு லோஞ்சும் இருக்கு, விமானமும் இருக்கு. நீ வந்து நிக்கிறது அம்மான் வீட்டு விறாந்தையிலை.

மாத்தமே வேண்டாமெண்டு நிக்கிறதும் உண்டு. கிணத்தடியிலை நிக்கிற இதரை வாழை, குட்டி பிரிச்சு நடுறது. தாய்க்கும் குட்டிக்கும் ஒரே உறுதி. மூண்டு மூண்டாய் நிறமூர்த்தம் கிடக்கிறதாலை சோடி சேர வழியில்லை, விதையுமில்லை. சாப்பிட நல்லம்தான். ஆனால் குரோ மிசேல் எண்டொரு வாழையை உலகமெல்லாம் இப்பிடித்தான் நட்டவை. பனாமா வாடல் வந்து ஒண்டைப் பிடிச்சது எல்லாத்தையும் பிடிச்சு, 1960கள் வரேக்கை ஏற்றுமதித் தோட்டங்களிலை அது இல்லாமலே போச்சு. கொம்மா எல்லைக்கல் எண்ணின காணியிலை நிக்கிற பனையோ குட்டி போடாது. ஆண்பனை வேறை, பெண்பனை வேறை, கொட்டை ஊண்டித்தான் வடலி. ஒண்டைப் போல ஒண்டில்லை. ஆணோ பெண்ணோ எண்டு தெரியவே பன்னிரண்டு, பதினைஞ்சு வருசம் பொறுக்கவேணும். இந்த உப்புக் காத்துக்கு நிண்டு பிடிக்கிறது வாழையோ பனையோ எண்டு நீயே பார்.

அதாலை தம்பி, பெண் பாக்கப் போ. எங்கை போனாலும் குறிப்போடை ரத்தப் பரிசோதனைத் துண்டும் கொண்டு போ. குருநாகலிலை தலசீமியாவுக்கெண்டே அரசாங்க நிலையமிருக்கு. காவியோ இல்லையோ எண்டு ஒரு சின்ன ரத்தப் பரிசோதனையிலை சந்தேகம் பிடிச்சிடுவினம். ரெண்டுபேரும் காவியெண்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலிலை ஒரு பங்கு ஆபத்து. பெண் வீட்டாரிட்டைக் கேக்கக் கூச்சமெண்டால் முதல் உன்ரையை நீட்டு. சீதனம் கேக்கேக்கை கூசாத வாய்தானே.

கடைக்குட்டி உன்னை வேண்டாமெண்டு சொன்னவள் எண்டு நினைக்காதை. அவளை ஒருத்தரும் கேக்கேல்லை, அதாலை அவளும் சொல்லேல்லை. பேராதனையிலை கூடப் படிச்ச பெடியனொருத்தன் இருக்கிறான், மட்டக்களப்புப் பக்கம். அவையளுக்குத் தாய்வழியிலைதான் குடி, கட்டினால் மாப்பிள்ளை பெண்வீட்டோடை வந்து இருப்பார். எட்டுப் பரப்பும் போன தையிலையே அவளின்ரை பேருக்கு எழுதியாச்சு, நொத்தாரிசின்ரை முத்திரையும் விழுந்திட்டுது. கொம்மாவிட்டைச் சொல்லு, காணி வெளியிலை போகேல்லை, ஆள்தான் உள்ளுக்கு வாறான் எண்டு. ஆனால் தேர் இழுத்து இருப்புக்கு வந்த பிறகு சொல்லு. இப்ப சொன்னால் மனுசி வடத்திலை கை வைக்கமாட்டா.